ஹாரி பாட்டரை ஏன் எரித்தார்கள்? விசுவாசிகளுக்குள் நடக்கும் ஒரு வாதம்

சிறுவர்களுக்கான கதைப் புத்தகத்தைத் தேவாலய வாசலில் குவித்து எரித்தார்கள் என்று செய்தி வந்தால் தமிழ் வாசகர்கள் பலர் திகைத்துப் போகிறார்கள். விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் அம்புலிமாமாவில் படித்து வளர்ந்தவர்களுக்கு மந்திரக் கதை பயப்பட வேண்டிய பொருளாகத் தோன்றியதே இல்லை. அதனால் இந்தச் செய்திகளை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். இல்லாவிட்டால் மதம் ஒரு பக்கம், வாசிப்பு மறுபக்கம் என்று இரண்டு அணி பிரித்துவிடுகிறோம். இரண்டுமே நடந்ததை விளக்குவதில்லை. ஹாரி பாட்டர் தொடரை எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அதை ஆதரித்து மிக நுட்பமாக வாதாடியவர்களிலும் பலர் கிறிஸ்தவர்களே. தீய ஆவி உண்டு என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகம் கிடையாது. அந்தக் கதைக்குள் இருப்பது அந்தத் தீமைதானா என்பதில்தான் பிளவு.

இதே கதையை அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்.பி.ஓ. புதிய தொடராகப் படமாக்கத் தொடங்கியிருப்பதால் பழைய கேள்விகள் மறுபடி எழும். அதனால் அடிப்படையிலிருந்தே பார்க்கலாம்.

நடந்தது என்ன?

ஜே.கே. ரௌலிங் எழுதிய முதல் புத்தகம் 1997 ஜூனில் பிரிட்டனில் வெளிவந்தது. மறு ஆண்டு அமெரிக்காவுக்குப் போனது. ஏழாவதும் கடைசியுமான புத்தகம் 2007 ஜூலையில் வந்தது. மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரி அறையில் வளரும் அநாதைச் சிறுவன், தான் ஒரு மந்திரவாதி என்று பதினொன்றாவது பிறந்தநாளில் தெரிந்துகொண்டு, மந்திரம் கற்பிக்கும் பள்ளிக்குப் போகிறான். கதையின் சட்டகம் இவ்வளவுதான்.

அமெரிக்க நூலகச் சங்கம் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. ஒரு புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுக்கச் சொல்லியோ, சிலருக்கு மட்டும் கொடுக்கச் சொல்லியோ வரும் கோரிக்கைகளின் கணக்கு அது. இவற்றை ஆட்சேபம் என்கிறார்கள். ஆட்சேபம் வந்ததெல்லாம் தடையில் முடிந்ததாகப் பொருள் கிடையாது; செய்திகளில் இந்த இரண்டும் அடிக்கடி குழம்பிப்போகின்றன. 1999 முதல் 2002 வரை நான்கு ஆண்டுகளும் பட்டியலின் உச்சியில் ஹாரி பாட்டர் தொடர்தான் இருந்தது. 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டுக் கணக்கிலும் அதுவே முதலிடம்.

எதிர்ப்பின் வேர்

எதிர்ப்பாளர்கள் முதலில் காட்டும் வசனம் உபாகமம் 18. குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன், மந்திரவாதி, செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன் ஆகியோர் உங்களுக்குள்ளே இருக்கவேண்டாம் என்கிறது அது. இவற்றைச் செய்கிறவன் கர்த்தருக்கு அருவருப்பானவன் என்றும் சொல்கிறது. இந்த வசனத்தை அப்படியே கடவுளின் வாக்காக ஏற்கும் குடும்பத்தில், பிள்ளை ‘குறிசொல்லுதல்’ என்ற பாடமே உள்ள ஒரு பள்ளியைப் பற்றி ஆசையோடு படிக்கிறது என்றால் பெற்றோர் கவலைப்படுவதை விளங்கிக்கொள்ள முடிகிறது. கற்பனைதானே என்ற பதில் அவர்களிடம் செல்லாது. விபசாரத்தைப் பற்றிய கதையும் கற்பனைதான். அதை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கொடுப்பீர்களா என்று திருப்பிக் கேட்பார்கள்.

எரிப்பதற்கும் வேதத்தில் ஆதாரம் காட்டப்படுகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 19-இல், எபேசு பட்டணத்தில் மாயவித்தைக்காரராக இருந்தவர்கள் மனம் திரும்பித் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லோர் முன்னும் சுட்டெரிக்கிறார்கள். அவற்றின் விலை ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு. ஆனால் அந்தப் பகுதியை நிதானமாகப் படித்தால் ஒன்று புரியும். அவர்கள் எரித்தது தங்கள் சொந்தப் புத்தகங்களை. தாங்களே கையாண்ட தொழிலின் கருவிகளை. பிறர் பிள்ளைகளுக்கான கதைப் புத்தகத்தை எரிப்பதற்கு அந்த வசனத்தில் இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது காரணம் காலம். 1980களில் அமெரிக்கா முழுவதும் சாத்தான் வழிபாட்டுக் குழுக்கள் பற்றிய பெரும் பீதி பரவியது. குழந்தைக் காப்பகங்கள் மீது ஆதாரமற்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தானிடம் இழுத்துச் செல்கிறது என்று இயக்கமே நடந்தது. அந்தப் பீதி முழுதும் அடங்குவதற்குள் ஹாரி வந்து சேர்ந்தான். 2000 ஜூலையில் ‘தி ஆனியன்’ என்ற நையாண்டி ஏடு, ஹாரி பாட்டர் படித்த சிறுவர்கள் கூட்டம் கூட்டமாகச் சாத்தானை வழிபடப் போகிறார்கள் என்று ஒரு கற்பனைச் செய்தி போட்டது. அது உண்மைச் செய்தியாகத் தொடர் மின்னஞ்சல்களில் சுற்றியது. நல்ல எண்ணமுள்ள பல பெற்றோர் இந்தப் புத்தகத்தைப் பற்றி முதலில் கேள்விப்பட்டதே அப்படித்தான். புத்தகத்தைப் படித்து வந்த ஆட்சேபத்தையும் வதந்தியைப் படித்து வந்த ஆட்சேபத்தையும் பிரித்துப் பார்க்காவிட்டால் முன்னதற்கு நாம் அநியாயம் செய்கிறோம்.

2001 டிசம்பர் 30 அன்று நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரில் ஒரு சபையார் ஹாரி பாட்டர் புத்தகங்களை வெளிப்படையாக எரித்தார்கள். அந்தத் தீயில் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் நாவல்களும் போடப்பட்டன. டோல்கீன் சிறுவயது முதல் பக்தியுள்ள கத்தோலிக்கராக இருந்தவர்; தம் பெருங்கதையை அடிப்படையில் கத்தோலிக்கப் படைப்பாகவே கருதியவர். அவருடைய புத்தகமும் சாத்தானியமாகத் தெரிந்தது என்றால், எரித்தவர்களின் அளவுகோல் மந்திரவாதி வருகிறானா இல்லையா என்பதோடு நின்றுவிட்டது.

எந்த மந்திரம்?

இனி வருவதே சண்டையின் நடுப்பகுதி. வேதம் தடை செய்யும் மந்திரமும் கதையில் வரும் மந்திரமும் ஒன்றா?

ஆதரித்த கிறிஸ்தவர்களின் பதில் இது:

1. வேதம் தடை செய்வது ஆவிகளோடு வைத்துக்கொள்ளும் தொடர்பை. கதையில் யாரும் ஆவியையோ சாத்தானையோ அழைத்து வரம் கேட்பதில்லை. கோலை அசைத்துச் சொல்லை உச்சரித்தால் காரியம் நடக்கிறது. அந்தத் திறமை பிறப்பிலேயே இருக்க வேண்டும். சிறைக்கைதிகளிடையே ஊழியம் செய்த சக் கோல்சன் 1999-இலேயே, இது வெறும் இயந்திரம் போன்ற மந்திரம், மாந்திரீகம் கிடையாது என்று சொன்னார். ஜான் கிரேஞ்சர் என்ற ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ எழுத்தாளர் இதை ஒழுங்குபடுத்தினார்: வெளியிலிருந்து ஒரு சக்தியை வரவழைக்கும் மந்திரம் வேறு, சொல்லிலேயே செயல் அடங்கிய மந்திரம் வேறு, ரௌலிங்கின் நல்ல மந்திரவாதிகள் கையாள்வது இரண்டாவது வகை மட்டுமே. எதிர்காலம் பார்க்கும் பாடமோ கதையில் பெரும்பாலும் கேலிக்கு ஆளாகிறது.

2. கதையின் அடித்தளம் கிறிஸ்தவமானது. மகனுக்காக உயிர் கொடுத்த தாயின் அன்பே ஹாரியைக் காக்கிறது. ஏழாவது புத்தகத்தில் அவன் பெற்றோரின் கல்லறையில் ‘பரிகரிக்கப்படுங் கடைசிச் சத்துரு மரணம்’ என்ற 1 கொரிந்தியர் வசனம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே கல்லறைத் தோட்டத்தில் இன்னொரு கல்லறையில் மத்தேயு 6:21. பில்லி கிரஹாம் நிறுவிய ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ இதழ் 2000 ஜனவரியில் தலையங்கம் எழுதியே இந்தப் புத்தகங்களைப் பரிந்துரைத்தது. கல்லறை வசனங்கள் அச்சாவதற்கு ஏழாண்டுகள் முன்பே.

எதிர்த்தவர்களில் சிந்தித்து எழுதியவர்களின் பதிலும் இலேசானதாக இல்லை. மைக்கேல் ஓ’பிரையன் என்ற கனடிய கத்தோலிக்க எழுத்தாளர், குறியீடுகள் ஒரு பிள்ளையின் மனத்துக்குள் நீண்ட காலம் வேலை செய்கின்றன என்றார். பாம்பு, டிராகன், சூனியக்காரி ஆகியவை மேற்கத்திய மரபில் தீமையின் அடையாளங்கள். அவற்றை நல்லவையாக, குறைந்தது நடுநிலையானவையாகக் காட்டிக்கொண்டே போனால், தீமையை அடையாளம் காணும் கண் மங்கிவிடும் என்பது அவர் அச்சம். ஆவியை அழைக்கிறார்களா என்ற கேள்வியையே இந்த வாதம் தாண்டிவிடுகிறது.

அப்படியானால் கிறிஸ்தவ எழுத்தாளர் சி.எஸ். லூயிஸின் நார்னியா கதைகளில் மந்திரம் இல்லையா என்று உடனே கேட்பார்கள். அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். நார்னியா வேறொரு உலகம், அங்கே ஆழ்ந்த மந்திரம் படைத்தவனுக்கே உரியது, சூனியக்காரி தீயவள். நம் உலகத்துச் சிறுமி ஒருத்தி மந்திரப் புத்தகத்தைப் புரட்டித் தன் தோழி என்ன பேசுகிறாள் என்று ஒட்டுக்கேட்கும் இடம் அங்கும் உண்டு. ஆனால் அதற்காக நார்னியாவின் தலைவனான சிங்கம் அவளைக் கண்டிக்கிறது. ஹாரியின் உலகமோ லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில், நம்முடைய நடைமேடைகளுக்கு நடுவிலேயே தொடங்குகிறது. கோல் பிடித்திருப்பவன், படிக்கும் பிள்ளையைப் போன்ற ஒரு பிள்ளை. இந்த வேறுபாடு உண்மையானது. ஆதரவாளர்கள் பலர் இதை எளிதாகக் கடந்துபோகிறார்கள்.

கீழ்ப்படியாமை பற்றிய ஆட்சேபத்தை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். ஹாரி பொய் சொல்கிறான், விதி மீறுகிறான், அதற்குப் பரிசும் பெறுகிறான் என்பது அது. முதல் புத்தகத்தின் முடிவு இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. தடை செய்த தளத்துக்கு இரவில் ஓடிய மூன்று பிள்ளைகளுக்கும் தலைமை ஆசிரியர் ஐம்பது, ஐம்பது, அறுபது என்று மதிப்பெண் அள்ளிக் கொடுக்கிறார். ஆனால் அத்தோடு அவர்கள் அணி எதிரணியுடன் சமநிலைதான் அடைகிறது. கோப்பையை வென்று தருவது கடைசிப் பத்து மதிப்பெண். அது நெவில் என்ற பயந்தாங்கொள்ளிப் பையனுக்குக் கிடைக்கிறது. இரவில் வெளியே போகாதீர்கள் என்று சொந்த நண்பர்களையே வழிமறித்து நின்றதற்கான பரிசு. விதியை மீறியவர்களையும் மீறாதே என்று தடுத்தவனையும் ஒரே மேடையில் பாராட்டும் காட்சி அது. கீழ்ப்படியாமையைக் கற்பிக்கும் கதை இப்படி முடியாது. நல்லது கெட்டது எப்போதும் விதிப்புத்தகத்தோடு ஒத்துப்போகாது என்று சொல்லும் கதைதான் இப்படி முடியும். இதைப் பிள்ளைக்கு இந்த வயதில் சொல்லலாமா என்பதில் இரண்டு நல்ல பெற்றோர் மாறுபடலாம்.

வாடிகனுக்குள் இரண்டு குரல்

கத்தோலிக்கத் திருச்சபை ஹாரி பாட்டரைக் கண்டித்தது என்று ஒருவர் எழுதுவார். ஆதரித்தது என்று இன்னொருவர். இரண்டுக்கும் சான்று கிடைக்கும். 2003 பிப்ரவரியில் வாடிகனில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில் அருட்தந்தை பீட்டர் ஃப்ளீட்வுட், நன்மை தீமை வேறுபாட்டைப் பிள்ளைகள் உணர இக்கதைகள் உதவுகின்றன என்று சொன்னார். அடுத்த மாதமே கர்தினால் ராட்சிங்கர், ஹாரி பாட்டரை எதிர்த்து எழுதிய ஜெர்மன் எழுத்தாளர் காப்ரியேலே கூபிக்கு அனுப்பிய கடிதத்தில், இவை நுட்பமான கவர்ச்சிகள், கிறிஸ்தவம் உள்ளத்தில் சரியாக வளரும் முன்பே அதைச் சிதைத்துவிடக்கூடியவை என்றார். 2005-இல் அவர் பதினாறாம் பெனடிக்ட் ஆனதும் அந்தக் கடிதம் போப்பின் கண்டனமாக உலகைச் சுற்றியது. ஒரு கர்தினாலின் தனிக் கடிதம் திருச்சபையின் போதனை ஆகாது.

2008 ஜனவரியில் வாடிகனின் நாளிதழான ‘லொஸ்ஸெர்வத்தோரே ரொமானோ’ ஆதரவாக ஒன்று, எதிராக ஒன்று என இரண்டு கட்டுரைகளை ஒன்றாகவே வெளியிட்டது. மறு ஆண்டு ஆறாவது திரைப்படத்தைப் பாராட்டியது. ரோமின் புகழ்பெற்ற பேயோட்டும் குரு காப்ரியேலே அமோர்த் மட்டும் கடைசிவரை, ஹாரி பாட்டருக்குப் பின்னால் இருள் அரசனின் கையொப்பம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

2019-இல் இரண்டு நிகழ்ச்சிகள். போலந்தின் க்டான்ஸ்க் நகரில் குருக்கள் சிலர் ஓர் ஆப்பிரிக்க முகமூடி, ஒரு ஹலோ கிட்டி குடை ஆகியவற்றோடு ஹாரி பாட்டர் வகைப் புத்தகங்களையும் எரித்தார்கள்; கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார்கள். அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஒரு பங்குத்தந்தை தம் பள்ளி நூலகத்திலிருந்து தொடர் முழுவதையும் எடுத்துவிட்டார். புத்தகத்தில் வரும் மந்திரங்கள் உண்மையான மந்திரங்கள், வாசித்தாலே தீய ஆவிகள் வரக்கூடும், அமெரிக்காவிலும் ரோமிலும் உள்ள பேயோட்டும் குருக்களிடம் கேட்டேன் என்று காரணம் எழுதினார். எல்லா ஆட்சேபங்களிலும் பலவீனமானது இதுதான். அந்தச் சொற்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் செவ்வியல் மொழி படித்த ஓர் எழுத்தாளர் லத்தீன் வேர்களிலிருந்து செய்துகொண்டவை. திருச்சபைக்கு இப்புத்தகங்கள் பற்றி அதிகாரபூர்வ நிலைப்பாடு கிடையாது என்று அந்த மறைமாவட்டத்தின் கல்வி அதிகாரியே விளக்கினார். அந்த ஆண்டு நூலகச் சங்கத்தின் முதல் பத்தில் ஹாரி மறுபடி இடம்பிடித்தான்.

இஸ்லாமிய உலகில்

இங்கே எதிர்ப்பின் அடிப்படை சிஹ்ர், அதாவது சூனியம். திருக்குர்ஆன் 2:102, ஷைத்தான்கள் மக்களுக்குச் சூனியம் கற்பித்ததையும் பாபிலில் ஹாரூத், மாரூத் என்ற வானவர்களையும் பேசுகிறது. சூனியம் பெரும்பாவங்களில் ஒன்று என்பது ஹதீஸ். 2002-இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்ட 26 புத்தகங்களில் ஹாரி பாட்டரும் இருந்தது. ஈரானில் அதன் பாரசீக மொழிபெயர்ப்புகள் அரசு அனுமதியுடனே விற்றன. 2007-இல் ‘கெய்ஹான்’ நாளேடு அதைச் சியோனிசச் சதி என்று தாக்கியபோது, எதிர்ப்பில் அரசியலின் நிறமே கூடுதலாக இருந்தது.

செடார்வில்: ஓர் அலமாரியின் வழக்கு

நம்பிக்கை பற்றிய வாதம் சட்டத்தின் வாசலுக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதை அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தின் சிற்றூரான செடார்வில் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு தாய் ஆட்சேபித்ததும், விதிப்படி அமைந்த நூலகக் குழு கூடியது. பதினைந்து பேரும் ஒருமனதாகப் புத்தகத்தைத் தடையின்றி வைக்கலாம் என்றார்கள். ஆனால் 2002-இல் பள்ளி வாரியம் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் அதை மாற்றியது. புத்தகம் நூலகத்தில் இருக்கும். பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதி இருந்தால்தான் பிள்ளை கையில் கிடைக்கும்.

கேட்பதற்கு நியாயமான சமரசமாகத்தான் தோன்றுகிறது. வழக்குத் தொடுத்த குடும்பத்தின் பிள்ளைக்கு வீட்டில் அனுமதியும் இருந்தது. இருந்தும் 2003 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிபதி அந்தக் கட்டுப்பாட்டை ரத்து செய்தார். புத்தகத்தைக் கேட்டு வாங்க வேண்டிய நிலையே பிள்ளையின் மீது ஒரு முத்திரையைக் குத்துகிறது என்பது தீர்ப்பின் சாரம். இதைப் படித்து எந்த மாணவராவது கட்டுப்பாடு மீறியதற்கான ஆதாரமும் வாரியத்திடம் இல்லை. எனக்கு இந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்தத் தாய்க்கு முதலிலிருந்தே இருந்தது. வாரியம் கொடுத்ததோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் நிறுத்திக் கேள்வி கேட்கும் அதிகாரம்.

அமெரிக்கச் சட்டம் இன்று எங்கே நிற்கிறது?

1. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகவே அரசுப் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை அகற்றக் கூடாது என்ற கோட்பாடு 1982-இன் பிகோ வழக்கிலிருந்து வருகிறது. ஆனால் அது உச்ச நீதிமன்றத்தின் முழுப் பெரும்பான்மைத் தீர்ப்பாக அமையவில்லை; அதன் பலவீனம் அங்கேயே இருந்தது.

2. தற்கால சூனியக்காரர்களின் வழிபாட்டு மரபான ‘விக்கா’ ஒரு மதமாக 1986-இல் நீதிமன்ற ஏற்புப் பெற்றது. அதை வைத்தே, மந்திரக் கதையைப் பள்ளியில் வைப்பது அரசு ஒரு மதத்தைப் பரப்புவதாகும் என்று சிலர் வாதாடினார்கள். சூனியக்காரிகள் வரும் ஒரு வாசிப்புப் பாடநூல் வரிசை பற்றி 1994-இல் இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இதை நிராகரித்தன. ஜார்ஜியாவின் க்வினெட் மாவட்டத்தில் ஒரு தாய் ஹாரி பாட்டருக்கு எதிராக இதே வாதத்தோடு 2007 வரை போராடித் தோற்றார்.

3. இந்தத் தடைகள் எல்லாம் அரசுக்கு மட்டுமே. நாஷ்வில் பங்குத்தந்தை செய்தது தனியார் மதப் பள்ளியில். அரசியலமைப்பு அவரைக் கட்டுப்படுத்தாது.

4. வகுப்பறை தனிக் கதை. நல்ல சூனியக்காரி வரும் ‘ஓஸ்’ கதையும் அடங்கிய பாடநூல்களை எதிர்த்த டென்னசி பெற்றோரிடம், ஒரு கருத்தைப் படிக்க நேர்வதால் மட்டும் உங்கள் மதச் சுதந்திரம் பறிபோகாது என்று 1987-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம், பாலினச் சிறுபான்மையினர் பற்றிய கதைப் புத்தகங்கள் தொடர்பான மேரிலாந்து வழக்கில் 6–3 என்ற கணக்கில் பெற்றோர் பக்கம் நின்றது. நம்பிக்கைக்கு முரணான பாடத்திலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்றது. மந்திரக் கதைக்கும் இது நீளுமா என்று இனி யாராவது கேட்கத்தான் போகிறார்கள்.

5. நூலகத்துக்கான காப்பும் ஒரு பகுதியில் உடைந்துவிட்டது. லூசியானாவில் ஒரு பள்ளி வாரியம் வூடூ மந்திரங்கள் பற்றிய புத்தகத்தை நீக்கிய வழக்கில், நீக்கியதன் நோக்கத்தை விசாரிக்க வேண்டும் என்று ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995-இல் சொல்லியிருந்தது. 2025 மே மாதம், டெக்சாஸின் லானோ வழக்கில், அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்தத் தீர்ப்பைக் கைவிட்டது. நூலகம் ஒரு புத்தகத்தை எடுத்துவிட்டால், படிக்கும் உரிமை போனது என்று வாசகர் வழக்குப் போட முடியாது என்பது இப்போது அங்குள்ள நிலை. செடார்வில் அந்த வட்டாரத்தில் சேராது. டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி சேரும். 2002-இல் அந்த வாரியம் போட்ட அதே நிபந்தனையை இந்த மூன்று மாநிலங்களில் ஒரு பள்ளி இன்று போட்டால், எதிர்க்கும் பெற்றோர் நீதிமன்றத்தில் வெல்வது கடினம். அவர்களுக்கு மிச்சமிருக்கும் வழி பள்ளி வாரியத் தேர்தல்தான்.